தொண்ணூற்றிரண்டு கிலோ நாயகி

பதிப்பக முதலாளி வெளிநாட்டுப் புத்தகச் சந்தைக்குப் போய்வந்தால் அடுத்த ஒரு மாதம் அலுவலகத்தில் ஏதாவது ஒரு கொள்கை நடமாடும். ஒரு வருடம் மரங்கள். இன்னொரு வருடம் மௌனம். மௌனத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சில் அந்த மாதம் எல்லோருக்கும் தலைவலி. இந்த வருடம் உடம்பு.

"உடம்புன்னா உடம்பு! அதுல வெட்கப்பட என்ன இருக்கு?" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் கோட்டின் நடுப்பொத்தான் கழன்றுகொண்டது. அவசரமாகப் பூட்டிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடியே மிச்சத்தைச் சொன்னார். "அங்கெல்லாம் இப்போ குண்டான கதாநாயகிதான். காதலிக்கிறா, கல்யாணம் பண்ணிக்கிறா, ஜம்முனு இருக்கா. நம்ம மொழியில ஒண்ணாவது இருக்கா? எனக்கு அப்படி ஒரு நாவல் வேணும்."

'குண்டான' என்ற சொல் விழுந்ததும் மேசையைச் சுற்றியிருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் சன்னலைப் பார்த்தார்கள். சன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மெய்ப்புத் திருத்தும் பெண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அந்தச் சன்னல்.

பதினான்கு வருடமாக எல்லோர் பிழையையும் திருத்துவதால் அலுவலகத்தில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. தன் உடம்போடு அவளுக்குச் சண்டை எதுவும் கிடையாது. சண்டையெல்லாம் கை வைத்த நாற்காலிகளோடும், அவள் கேட்பதற்கு முன்பே 'உங்க சைஸ் வராதுங்க மேடம்' என்று சொல்லிவிடும் துணிக்கடைப் பெண்களோடும்தான்.

முதலாளி கேட்ட நாவலை அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள்.

அவள் எழுதியது இலக்கியத்துக்காக அல்ல, கீழ்த்தளத்துக்காக.

அலுவலகம் மாடியில், அச்சுக்கூடம் கீழே. இரண்டுக்கும் நடுவே ஒரு இரும்புச் சுருள் படிக்கட்டு. அதைச் செய்தவர் மனிதர்களை மனதில் வைத்துச் செய்யவில்லை. கையில் தாள்களோடு அவள் பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். கீழே மெஷின் ஓடினால் படிக்கட்டு நடுங்கும். அவள் முதல் படியில் கால் வைத்ததும் மெஷின் நின்றுவிடும். கடைசிப் படியிலிருந்து கால் எடுத்ததும் ஓடத் தொடங்கும். எட்டு வருடமாக இப்படித்தான். "அடிக்கடி ஏன்யா நிறுத்துறே?" என்று முதலாளி ஒருநாள் கேட்டதற்கு, "மை பார்க்கிறேன் ஐயா" என்றார் மெஷினை ஓட்டும் மாஸ்டர்.

மாஸ்டருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை; ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். தொப்பை உண்டு. தாள் வந்து விழும் பக்கம் குனிந்து பார்த்துப் பார்த்து, எந்தச் சட்டை போட்டாலும் தொப்பைக்குக் குறுக்கே ஒரு மைக்கோடு விழுந்துவிடும். அச்சடிக்கிற எதையும் படிக்காமல் விடமாட்டார். நாவல், பாடப்புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், எதுவானாலும் சரி. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஃபாரத்துக்கு ஒரு அபிப்பிராயம் சொல்வார்.

"டீச்சர், இந்தக் கதாநாயகன் மூணாவது ஃபாரத்துலயே போய்ச் சேர்ந்துட்டான். மிச்சம் ஏழு ஃபாரமும் நான்தான் அழுதுக்கிட்டே ஓட்டணும்."

"அடுத்த புத்தகத்துல கடைசி வரைக்கும் வச்சிருக்கச் சொல்றேன் மாஸ்டர்."

"சொல்லுங்க. ஆளு நல்ல ஆளு."

எட்டு வருடத்தில் இப்படி நூறு பேச்சு பேசியாகிவிட்டது. பேச வேண்டிய ஒரு பேச்சு மட்டும் பாக்கி. நேரில் சொல்லிவிடலாமே என்று கேட்பவர்கள், ஒரே ஆளிடம் எட்டு வருடம் 'வணக்கம் மாஸ்டர்' சொல்லிப் பார்த்தவர்கள் அல்ல. அதனால்தான் அவள் அதைப் புத்தகமாக எழுதினாள். அவர் கை படாமல் எந்தப் புத்தகமும் வெளியே போவதில்லை. அச்சாகிற அன்றைக்கு அவரே படிப்பார். தொண்ணூற்றிரண்டு கிலோ பெண் ஒருத்தி சுருள் படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்குவதையும், கீழே தொப்பையில் மைக்கோடு போட்ட ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்ப்பதுபோல நிற்பதையும் படித்தால், யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று விளங்காதா? அவர் மருந்துத் தாளையே புரிந்து படிக்கிறவர்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒரே ஆள் அவளுடைய அக்கா. அக்கா எப்போதும் ஏதாவது ஒரு உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவள். அதை முடித்த கையோடு அடுத்ததை ஆரம்பிப்பவள். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்துவிட்டு வெளியே வந்தாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா இவ எப்போ இளைப்பா?"

"இளைக்க மாட்டா அக்கா."

"கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தேன். சரி, கல்யாணத்துக்கு முன்னாடியாவது இளைச்சுடுவான்னு நினைச்சேன். ஏதாவது பக்கம் விட்டுப்போச்சா?"

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பதிப்பகத்து ஊழியர்கள் எதுவும் எழுதக் கூடாது. எழுத ஆரம்பித்தால் அடுத்தவன் பிழை கண்ணுக்குத் தெரியாது என்பது முதலாளியின் சித்தாந்தம். மீறிய ஒரு கணக்கர் நாலு கவிதையோடு வீட்டுக்குப் போனார். ஆகவே அவள் ஒரு புனைபெயரில், புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரியிலிருந்து நாவலை அனுப்பினாள். எழுத்தாளர்களை நேரில் பார்க்கும் வழக்கம் முதலாளிக்கு இல்லை. பார்த்தால் மரியாதை போய்விடும் என்பார். யாருடைய மரியாதை என்று சொன்னதில்லை.

மூன்றே நாளில் நாவல் தேர்வானது. முதலாளி படித்துவிட்டுக் கண் கலங்கினாராம். அதை அவளிடமே சொன்னார். "எழுதினவங்க யாரோ, கொடிபோல இருப்பாங்கன்னு தோணுது. அப்படி ஒரு மென்மை."

அடுத்த நாள் விற்பனை மேலாளர் வந்து சேர்ந்தார். வாசகர்களின் நாடித்துடிப்பு தனக்குத் தெரியும் என்று அடிக்கடி சொல்பவர். அதனால் அவருக்கு வைத்தியர் என்று பெயர். வைத்தியர் பிரதியை எடைபோடுவதுபோலக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஐயா, கொள்கை அருமை. குண்டுன்னு தாராளமா சொல்லலாம். ஆனா குண்டா இருக்கக் கூடாது."

"புரியலையே."

"தொண்ணூத்திரெண்டுங்கறது எடையா ஐயா? வாசகர் பயந்துடுவார். எழுபத்தெட்டுன்னு வைப்போம்."

"எழுபத்தெட்டும் குண்டுதானே?" என்று முதலாளி கொள்கையைக் காப்பாற்றும் குரலில் கேட்டார்.

"குண்டுதான் ஐயா. குளிர்காலத்துல இன்னும் குண்டாத் தெரியும்."

திரும்பிப் பார்த்த முதலாளி, "டீச்சர், எழுத்தாளருக்கு ஒரு கடிதம் போட்டுடும்மா" என்றார்.

இங்கேதான் அந்த அலுவலகத்தின் நடைமுறை அவள் கழுத்தைப் பிடித்தது. முதலாளி பெயரில் போகும் கடிதங்கள் எல்லாவற்றையும் எழுதுபவள் அவள்தான். முரண்டு பிடிக்கும் எழுத்தாளர்களை வழிக்குக் கொண்டுவருவதில் அவள் கடிதத்துக்கு நிகர் கிடையாது. அன்றைக்கு வேண்டுமென்றே மொட்டையாக நாலு வரி எழுதி நீட்டினாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

"இது உன் கை இல்லையேம்மா. உடம்பு சரியில்லையா?"

பதினான்கு வருடத்தில் அவள் வேலையை அவர் திருப்பிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்ப உட்கார்ந்து எழுதினாள்: 'அன்புள்ள அம்மையீர், தங்கள் நாயகியின் எடையை நாங்கள் குறைக்கவில்லை. அவளை நெருங்குவதில் வாசகருக்கு உள்ள தயக்கத்தைத்தான் குறைக்கிறோம்.'

வீட்டுக்குப் போய், எழுத்தாளராக உட்கார்ந்து அதைப் படித்தாள். கோபத்தோடு ஒரு பதில் எழுதினாள்: 'ஒரு கிராம்கூடக் குறையாது.' மறுநாள் காலை முதலாளி அந்தப் பதிலைக் கொண்டுவந்து அவள் மேசையிலேயே போட்டார்.

"அம்மாவுக்குக் கோபம். இன்னும் கொஞ்சம் நாசூக்கா எழுது. ஒத்துவரலைன்னா புத்தகத்தை அடுத்த வருஷப் பட்டியலுக்குத் தள்ளிடுவோம்னும் சாடையாச் சொல்லிடு."

சாடையாகச் சொன்னாள். எவ்வளவு சாடை என்றால், சாயங்காலம் எழுத்தாளராகப் படித்தபோது அவளே பயந்துபோனாள். அடுத்த வருடப் பட்டியல் என்றால் அடுத்த வருடக் கொள்கை. அது எதுவாகவும் இருக்கலாம், ஒட்டகமாகக்கூட இருக்கலாம். எழுபத்தெட்டுக்கு ஒத்துக்கொண்டாள்.

"பார்த்தியா?" என்றார் முதலாளி. "உன் கடிதத்துக்கு மசியாத ஆளே இல்லை!"

எழுபத்தெட்டு எழுபதாயிற்று. எழுபது அறுபத்துநாலாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவள் கடிதம் மெருகேறியது. ஒவ்வொரு இரவும் அவளே அதற்கு மசிந்தாள். அறுபத்துநாலு கிலோ பெண்ணுக்குப் படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்க என்ன அவசியம் என்று வைத்தியர் கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தாளர், பதிப்பகம் அனுப்பிய கோப்பிலேயே அந்தக் காட்சியைத் திருத்தி அனுப்பினார். நாயகி இப்போது தென்றல்போல் இறங்கினாள்.

அட்டைக்கும் இதே கதைதான். குண்டாக வரைந்தால் விற்காது, ஒல்லியாக வரைந்தால் கொள்கை போய்விடும் என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் ஒரு பலூன் வரைந்தார்கள். "உருண்டையாவும் இருக்கு, கனமும் இல்லை" என்று வைத்தியர் மனம் நிறைந்து சொன்னார். எழுத்தாளர் தன் படத்தை அனுப்ப மறுத்ததால், பின்னட்டைக்கு எங்கிருந்தோ ஒரு படம் வாங்கிப் போட்டார்கள்: கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் மெல்லிய பெண். படத்துப் பெண்ணின் மேசையில் ஒரு பேனாவும் இருந்தது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

டீச்சர் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். நாயகியை எடுத்துக்கொள்ளுங்கள், நாயகனைத் தொடாதீர்கள் என்று எழுத்தாளராக எழுதினாள். அவர் மெஷின்காரராகவே இருக்க வேண்டும். தொப்பையும் மைக்கோடும் இருக்க வேண்டும். நாயகி அந்த மைக்கோட்டின் மீது விரல் வைத்து, 'இது துவைத்தால் போகக் கூடாது' என்று சொல்லும் பத்தி அப்படியே இருக்க வேண்டும். முதலாளி சம்மதித்தார். சம்மதக் கடிதத்தையும் அவளே எழுதினாள். பதினான்கு வருடத்தில் அவ்வளவு மகிழ்ச்சியாக அவள் எதையும் எழுதியதில்லை. தன்னை அவர் அடையாளம் காணாவிட்டால் என்ன? அவரை அவரே கண்டுகொள்வார். மிச்சத்தை விசாரித்துக்கொண்டு மேலே வரமாட்டாரா?

நாவலைப் பக்கம் பக்கமாக அமைத்து முடித்தாயிற்று. கடைசி மெய்ப்பு தாளில் வந்தது. நாலு மணிக்கு அச்சுக்கான பிளேட் போட வேண்டும். இரண்டரை மணிக் கூட்டத்துக்கு வைத்தியர் மூச்சு வாங்க வந்தார்.

"ஐயா, கதாநாயகனுக்குத் தொப்பை இருக்கு!"

"இருக்கட்டுமே. உடம்புன்னா உடம்பு."

"பொம்பளைக்குத்தான் ஐயா அந்தக் கொள்கை. ஆம்பளைக்கு இன்னும் வரலை. மெஷின் ஓட்டுறவன் வேற. கட்டடக் கலைஞர்னு மாத்திடுவோம். வயிறு சிக்ஸ் பேக்கா, ஆறு கட்டா இருக்கட்டும்."

டீச்சர் எழுந்து நின்றாள். கூட்டங்களில் அவள் எழுந்து நின்றதே இல்லை. "எழுத்தாளருக்கு நாம வாக்குக் கொடுத்திருக்கோம் சார். இதைத் தொட மாட்டோம்னு எழுதியிருக்கோம்."

"எழுதினது நீதானேம்மா? அழகா இன்னொண்ணு எழுதிடு."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வைத்தியர்.

நாவின் நுனிக்கு வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் முதலாளி எழுந்து, அவள் தோளருகே காற்றில் தட்டினார்.

"டீச்சர் மனசு எனக்குப் புரியுது. இவங்களை மாதிரி இருக்கிறவங்களுக்காகத்தானே இந்தப் புத்தகத்தையே போடுறோம்! இவங்க தலை நிமிர்ந்து நடக்கணும். அதுக்காகத்தான் இத்தனை பாடு."

ஏழு பேரும் சன்னலைப் பார்த்தார்கள்.

இதற்கு மேல் 'நான்தான் எழுதினேன்' என்று எப்படிச் சொல்வது? பரிதாபப்பட்டு நீட்டிய தட்டில் இருந்ததே தன்னுடையது என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். வேறு யாராவது செய்தால் குதறி வைப்பார்கள் என்று மனம் ஒரு சமாதானம் சொன்னது, அதுவும் உண்மைதான். நேர்கோடாக அடித்தாள். மெஷினை அடித்தாள். தொப்பையை அடித்தாள். மைக்கோட்டைக் கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில், அவளுக்கே உரிய முத்து முத்தான எழுத்தில், ஆறு கட்டு வயிறு எழுதினாள். மூன்று ஐம்பதுக்கு முடிந்தது.

மறுநாள் நாவல் மெஷின் ஏறியது. மாடியில் உட்கார்ந்து அவள் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து ஃபாரம், மூன்று நாள். மாஸ்டர் ஒரு அபிப்பிராயமும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் அவளைக் கீழே வரச் சொன்னதாகத் தகவல் வந்தது. அட்டை அச்சடிக்க அவள் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் அங்கே எந்த அட்டையும் ஓடாது.

முதல் படியில் கால் வைத்தாள். மெஷின் நின்றது. பக்கவாட்டில் இறங்கி முடித்தாள். மெஷின் மறுபடி ஓடவில்லை.

மாஸ்டர் மேசையில் அட்டையின் மாதிரித் தாள் இருந்தது. பக்கத்தில் கடைசி மெய்ப்பு; திருத்தமெல்லாம் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பதற்காக அது எப்போதும் கீழே வந்துவிடும். அடிக்கும்போது அவளுக்கு அது நினைவே வரவில்லை. மெய்ப்பு ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் திறந்திருந்தது.

"உட்காருங்க டீச்சர்." கையில்லாத ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒண்ணு கேட்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க மாஸ்டர்."

"இங்க அடிச்சிருக்கீங்களே, அதுக்கு அடியில படிச்சேன். வழக்கமா அடிச்சதைப் படிக்க மாட்டேன். கண்ணு தானா அங்க போயிடுச்சு." தொப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நீல மை அன்றைக்கு. "இது நான்தானே?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நினைச்சேன். துவைச்சாப் போகக் கூடாதாம்!" சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். "எங்க அம்மாவே இந்தச் சட்டையைக் கண்டா திட்டுவாங்க. இப்படி ஒருத்தங்க நினைச்சிருக்காங்க பாருங்க, என்னைப் பத்தி. அதை ஏன் டீச்சர் அடிச்சீங்க?"

"முதலாளி சொன்னார்."

"முதலாளி சொன்னா அது பிழையாயிடுமா?"

அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துப் பெண்ணைக் காட்டினார். "இவங்கதானா? போன வருஷம் யார் யாரோ வந்து அச்சுக்கூடத்தைச் சுத்திப் பார்த்துட்டுப் போனாங்களே. அதுல ஒருத்தங்களா? மூணு நாளா யோசிக்கிறேன். என் பக்கத்துல வந்து நின்ன மாதிரி ஞாபகமே இல்லை."

"மாஸ்டர், அது சும்மா வாங்கின படம். நான்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டாள். எட்டு வருடம் ஒரு நொடியில் முடிந்துபோனதுபோல் இருந்தது.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு மெய்ப்பைப் பார்த்தார். சிவப்புக் கோடுகள் ஒன்றுகூட வளையவில்லை, நடுங்கவில்லை. விரலால் ஒன்றைத் தடவினார்.

"நீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "நீங்களே எழுதி, நீங்களே இப்படி அடிக்க முடியுமா டீச்சர்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். தொண்ணூற்றிரண்டு, எழுபத்தெட்டு, படிக்கட்டு, கடிதங்கள், சம்மதம், நாலு மணி. ஒவ்வொன்றும் நடந்ததுதான்; சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் மோசமாகிக்கொண்டே போனது. யாரும் கேட்காமலே அவர் அவளுக்காக எட்டு வருடம் மெஷினை நிறுத்தியிருக்கிறார். முதலாளி கேட்டபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளோ கேட்ட ஐந்து நிமிடத்தில் பேனாவைத் திறந்தாள். எவ்வளவு நல்ல கடிதமும் அதைச் சமாளிக்காது.

கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாஸ்டர் கையை மெல்லத் தூக்கினார்.

"வேண்டாம் டீச்சர். எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. நீங்கதான்னா இன்னும்தான் கஷ்டம்." பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் பெண்ணை நேராகத் திருப்பி, அவள் முன் வைத்தார். "இவங்களாவே இருக்கட்டும்."

"மாஸ்டர்..."

"இவங்க அடிக்கலை பாருங்க."

அட்டையின் ஓரத்தில், கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அவர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பணிவாக நீட்டினார். அதே தாளில் முன்னட்டைப் பலூன் காய்ந்துகொண்டிருந்தது. அவள் எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்தாள். தலைப்பு சரி. விலை சரி. எழுத்தாளர் பெயர் சரி. ஒரு பிழையும் இல்லை.

கையெழுத்துப் போட்டாள். அவர் நன்றி சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு மெஷினுக்குப் போனார். அவள் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் படியில் கால் வைத்து, நிற்குமா என்று பார்த்தாள். பிறகு கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, நடுங்குகிற படிக்கட்டில் பக்கவாட்டில் ஏறினாள்.